மழை இரவில் நெடுஞ்சாலை: எங்கே நிற்பது, எப்போது நிற்பது?

கேள்வி: தாம்பரத்தில் வசிக்கிறேன். ஒவ்வொரு தீபாவளிக்கும் எழுபது வயதைக் கடந்த பெற்றோரை அழைத்துக்கொண்டு பாளையங்கோட்டைக்கு நானே கார் ஓட்டிச் செல்கிறேன். கூட்டத்தைத் தவிர்க்க இரவு 9 மணிக்கு மேல் கிளம்ப வேண்டும் என்பது அப்பாவின் கட்டளை. சென்ற ஆண்டு திண்டிவனத்தைத் தாண்டியதும் கனமழை பிடித்துக்கொண்டது. சாலை நடுவே உள்ள மீடியனை ஒட்டிய தடத்தில் சுமார் 90 கி.மீ. வேகத்தில் போய்க்கொண்டிருந்தபோது, ஒரு வளைவில் ஸ்டீயரிங் திடீரெனக் கனமே இல்லாமல் போனது. பயந்து ஸ்டீயரிங்கை ஒடித்துப் பிரேக்கை மிதித்தேன். கார் சாலைக்குக் குறுக்கே திரும்பி நின்றது. பின்னால் வண்டி வராததால் பிழைத்தோம். அதே இரவில் உளுந்தூர்பேட்டைக்கு அப்பால் வலது பின் டயர் பஞ்சர். சாலையோரத்தில் அப்பா ஸ்டெப்னி மாற்ற, நான் காருக்குப் பின்னால் நின்று செல்போன் வெளிச்சம் காட்டினேன். ஒரு லாரி எங்களை உரசாத குறையாகக் கடந்து போனது. 'மழையில் ஓரங்கட்டுவதுதான் ஆபத்து, நான்கு இண்டிகேட்டரையும் போட்டுக்கொண்டு போய்க்கொண்டே இரு' என்கிறார் அப்பா. இனிமேல் ரயிலில் போவோம் என்கிறார் அம்மா. திரும்பி வரும்போது, எங்கள் வீட்டருகே உள்ள ரயில்வே சுரங்கப்பாதையில் தேங்கிய தண்ணீரில் பேருந்து போவதைப் பார்த்து அதன் பின்னாலேயே நானும் காரை இறக்கினேன். வழியில் பைக்கில் விழுந்து அடிபட்டுக் கிடந்த ஒருவருக்கு உதவ நான் இறங்க முயன்றபோது, போலீஸ், கோர்ட் என்று அலைய வேண்டியிருக்கும் எனச் சொல்லி அப்பா தடுத்துவிட்டார். அது இன்றும் உறுத்துகிறது. நான் எங்கெங்கே தவறினேன்? இனி என்ன செய்ய வேண்டும்?

வாசகி, தாம்பரம்.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு வணக்கம். மோட்டார் வாகன ஆய்வாளராகப் பணியாற்றி ஓய்வு பெற்றபின் ஓட்டுநர் பயிற்சி அளித்துவரும் எனக்கு, உங்கள் கடிதத்தில் உள்ள ஒவ்வொரு நிகழ்வும் வேறு பலரிடமிருந்தும் கேட்டுப் பழகியதுதான். நீங்கள் ஓட்டுவதை நிறுத்த வேண்டிய அவசியம் இல்லை. ஆனால், இரவு 9 மணிக்கு எப்படியும் கிளம்பியாக வேண்டும், விடிவதற்குள் ஊர் போய்ச் சேர்ந்தாக வேண்டும் என்ற அந்தத் திட்டத்தை நிறுத்தியே ஆக வேண்டும். மழைக்காலப் பயணத்தில் உயிரைக் காப்பது கைத்திறமையைவிட, எப்போது நிற்பது, எங்கே நிற்பது என்று முன்கூட்டியே எடுக்கும் முடிவுதான் என்பது என் உறுதியான கருத்து. உங்கள் தந்தையார் பாதி சரியாகச் சொல்கிறார். நெடுஞ்சாலையின் ஓரத்தில் நிற்பது உண்மையிலேயே ஆபத்தானது. ஆனால் அதற்கு மாற்று, கண் தெரியாத மழையில் போய்க்கொண்டே இருப்பது அன்று. சாலையை விட்டு முழுவதுமாக விலகி நிற்பதே ஆகும்.

முதலில் திண்டிவனத்தில் நடந்ததைப் பார்ப்போம். ஓடும் டயர் தன் முன்னால் உள்ள தண்ணீரை, அதன் மேற்பரப்பில் வெட்டியிருக்கும் பட்டன் பள்ளங்களின் வழியே பக்கவாட்டில் பீய்ச்சித் தள்ளிவிட்டுத்தான் தாரைப் பிடிக்கிறது. வேகம் கூடக்கூட, தண்ணீரை வெளியேற்ற அதற்குக் கிடைக்கும் நேரம் குறைகிறது. ஒரு கட்டத்தில் வெளியேறாத தண்ணீர் டயருக்கு அடியில் ஆப்பு போலச் செருகிக்கொண்டு சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கிவிடுகிறது. 33 பவுண்டு காற்றுள்ள சாதாரண கார் டயருக்கு, நன்றாகத் தண்ணீர் தேங்கிய சாலையில், 90 கி.மீ.யை ஒட்டிய வேகத்திலேயே இது நிகழ முடியும். பட்டன் தேய்ந்திருந்தாலோ காற்று குறைந்திருந்தாலோ 70 கி.மீ.யிலேயே நிகழலாம். அந்த நிலையில் ஸ்டீயரிங்கைத் திருப்பினாலும் பிரேக்கை மிதித்தாலும் வண்டி கேட்காது, ஏனெனில் கட்டளையைத் தரைக்குக் கொண்டுசேர்க்க டயர் தரையில் இல்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள்: இது மீடியனை ஒட்டிய தடத்தில், ஒரு வளைவில் நடந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். அது வலப்பக்கம் வளையும் இடமாக இருந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். வண்டிகள் வெளிப்பக்கம் தள்ளப்படாமல் இருப்பதற்காக, வளைவுகளில் சாலையின் வெளிவிளிம்பை உயர்த்தி, உள்விளிம்பை நோக்கிச் சரிவாகப் போடுவார்கள். நான்குவழிச் சாலையில் வலப்பக்க வளைவின் உள்விளிம்பு என்பது மீடியன்தான். அந்தப் பக்கச் சாலையில் விழும் மழை முழுவதும் மீடியனை நோக்கி ஓடி வருகிறது. அங்கே வடிகால் துளைகள் மண்ணும் அரளிச் சருகும் அடைத்துக் கிடந்தால், வேகமாகப் போகிறவர்கள் விரும்பும் அந்தத் தடத்திலேயே நீளமாகத் தண்ணீர் நிற்கும். இரவில் அது வெறும் ஈரத்தார் போலத்தான் கண்ணுக்குத் தெரியும். ஆகவே கனமழையில் வலது தடத்தை, முந்துவதற்குக்கூட, வளைவுகளில் பயன்படுத்தாதீர்கள். முன்னால் செல்லும் வண்டி நீரை விலக்கிப் போட்டுச் சென்ற சக்கரத் தடங்களில் உங்கள் சக்கரங்களை வைத்து ஓட்டுங்கள். அந்தத் தடங்கள் உடனுக்குடன் நீரால் மூடிக்கொள்கின்றன என்றால் சாலையில் தண்ணீர் அதிகம், உங்கள் வேகமும் அதிகம் என்று பொருள்.

ஸ்டீயரிங் கனமிழந்த அந்தக் கணத்தில் செய்ய வேண்டியது மிகக் குறைவு. அதனால்தான் அது கடினம். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை மெல்ல எடுக்க வேண்டும். பிரேக்கைத் தொடக் கூடாது, கியரைக் குறைக்கக் கூடாது, ஸ்டீயரிங்கை வண்டி போய்க்கொண்டிருக்கும் திசையிலேயே இரு கைகளாலும் அசையாமல் பிடித்திருக்க வேண்டும். வேகம் சற்றுத் தணிந்ததும் டயர் மீண்டும் தரையைப் பிடிக்கும். பெரும்பாலும் ஓரிரு விநாடிகளில் இது நடந்துவிடும். உங்கள் கார் குறுக்கே திரும்பியதற்குக் காரணம், மிதந்துகொண்டிருந்தபோது நீங்கள் ஒடித்த ஸ்டீயரிங்தான். ஒடித்த நிலையிலேயே சக்கரங்கள் தரையைப் பிடித்ததும் வண்டி அந்தப் பக்கமாகப் பாய்ந்தது. பிரேக்கை மிதிக்கும்போது சக்கரங்கள் சுழலாமல் பூட்டிக்கொள்வதைத் தடுக்கும் ஏபிஎஸ் உங்கள் காரில் கட்டாயம் இருக்கும் என்றே எண்ணுகிறேன். இந்தியாவில் 2019 ஏப்ரலுக்குப் பின் தயாரான எல்லாக் கார்களிலும் அது உண்டு. ஏபிஎஸ் இருந்தால், டயர் தரையைப் பிடித்திருக்கும்போது அவசரத்துக்குப் பிரேக்கை முழு பலத்துடன் மிதித்தபடியே ஸ்டீயரிங்கைத் திருப்பி விலகலாம். காலுக்கு அடியில் பெடல் அதிர்வதைக் கண்டு பயந்து காலை எடுத்துவிடக் கூடாது. ஆனால் மிதக்கும் டயருக்கு ஏபிஎஸ் எந்த உதவியும் செய்யாது.

வேகத்தைப் பற்றிச் சொல்லும்போது பயிற்சிக்கு வருகிறவர்கள் பலரும் என்னை அதீத எச்சரிக்கைக்காரன் என்று நினைக்கிறார்கள். கணக்கையே தருகிறேன். ஆபத்தைக் கண்டு பிரேக்கில் கால் பதிய சராசரியாக ஒன்றரை விநாடி ஆகும் என்று வைத்துக்கொண்டால், ஈரச் சாலையில் 100 கி.மீ. வேகத்தில் வரும் கார் முழுமையாக நிற்க ஏறக்குறைய 140 மீட்டர் தேவை, 80 கி.மீ.க்கு சுமார் 95 மீட்டர், 60 கி.மீ.க்கு சுமார் 60 மீட்டர். மழை இரவில் உங்கள் டிம் வெளிச்சம் தெளிவாகக் காட்டுவது 40, 50 மீட்டர்தான். பின்விளக்கில்லாத டிராக்டர் டிரெய்லரோ, சாலையில் படுத்திருக்கும் மாடோ அந்த வெளிச்சத்துக்குள் வந்தபின்தான் உங்களுக்குத் தெரியும். அப்படியானால் 50 கி.மீ. என்பதே மழை இரவில் மேல் வரம்பு. மழை வலுத்தால் 40. முன்வண்டிக்கும் உங்களுக்கும் இடையே நான்கு விநாடி இடைவெளி வேண்டும். முன்வண்டி ஒரு கிலோமீட்டர் கல்லைக் கடக்கும்போது எண்ணத் தொடங்கி, நீங்கள் அதே கல்லை அடையும்போது நான்கு எண்ணி முடித்திருக்க வேண்டும். நீண்ட நாள் வெயிலுக்குப் பின் பெய்யும் முதல் மழையின் முதல் அரை மணி நேரம், தாரில் படிந்த எண்ணெயும் புழுதியும் குழைந்து சாலை வழுக்கும் என்பதால், தூறல்தானே என்று அலட்சியமாக இருக்கக் கூடாத நேரம் அது.

டயரை இந்த வாரமே பாருங்கள். சட்டப்படி காரின் டயர் பட்டன் ஆழம் குறைந்தது 1.6 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். டயரின் பள்ளங்களுக்குள் குறுக்காக இருக்கும் சிறு மேடுகள் தேய்மான அடையாளங்கள், பட்டன் அவற்றின் மட்டத்துக்குத் தேய்ந்துவிட்டால் டயரின் ஆயுள் முடிந்தது. ஆனால் 1.6 என்பது சட்டத்தின் கடைசி எல்லை. தண்ணீரை வெளியேற்றும் திறன் அதற்கு வெகு முன்பே குறையத் தொடங்கிவிடும் என்பதால், வடகிழக்குப் பருவமழையில் நீண்ட பயணம் செய்பவர்கள் 3 மில்லிமீட்டருக்குக் கீழே வந்ததும் மாற்றிவிடுவது நல்லது என்று பரிந்துரைக்கிறேன். மழைக்காலத்தில் காற்றைக் குறைத்து வைத்தால் பிடிப்பு கூடும் என்று சில பஞ்சர் கடைகளிலும் சொல்கிறார்கள், அது தவறு. காற்று குறைந்த டயரின் நடுப்பகுதி உள்வாங்கித் தண்ணீரைத் தேக்கிக்கொள்வதால் அது விரைவாகவே மிதக்கும். ஓட்டுநர் பக்கக் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் அளவுப்படி, வண்டி குளிர்ந்திருக்கும்போது காற்றைப் பிடியுங்கள்; ஸ்டெப்னிக்கும் சேர்த்துத்தான். வைப்பர் ரப்பர் நம் ஊர்க் கோடை வெயிலில் காய்ந்து விறைத்துவிடும் என்பதால், ஆண்டுதோறும் அக்டோபர் பிறக்குமுன் மாற்றிவிடுங்கள்.

நான்கு இண்டிகேட்டர்களையும் மின்னவிட்டபடி ஓட்டும் பழக்கத்தை உங்கள் தந்தையார் மட்டுமல்ல, பல தொழில்முறை ஓட்டுநர்களே நல்லது என்று நம்புகிறார்கள். அந்த அபாய விளக்கு, 'இந்த வண்டி நிற்கிறது' என்று பின்னால் வருபவருக்குச் சொல்வதற்காக இருப்பது. ஓடுகிற வண்டியும் நிற்கிற வண்டியும் ஒரே மாதிரி மின்னினால், மழைத் திரைக்குப் பின்னால் வரும் லாரி ஓட்டுநருக்கு எது நிற்கிறது என்று பிரித்தறிய வழியில்லை. நீங்கள் தடம் மாறப் போகிறீர்கள் என்பதைத் தெரிவிக்கும் இண்டிகேட்டரும் பயனற்றுப் போகிறது. ஓடும்போது டிம் விளக்கு மட்டும் போதும். பிரைட் போட்டால் மழைத்துளிகளில் பட்டு வெளிச்சம் உங்கள் கண்ணுக்கே திரும்பும். முன்னால் போக்குவரத்து சட்டென்று நின்று, வரிசையின் கடைசி வண்டி நீங்களாக இருந்தால், பின்னால் வருபவர் வேகம் குறைக்கும் வரை மட்டும் அபாய விளக்கைப் போடலாம். பகல் மழையிலும் டிம் விளக்கைக் கையால் போடுங்கள். பல கார்களில் தானாக எரியும் பகல் விளக்கு முன்புறம் மட்டுமே இருக்கும், பின் சிவப்பு விளக்கு எரியாது.

கண்ணாடி மங்குவது பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லாமல் விட முடியாது. உட்புறம் மங்கினால் ஏசியைப் போட்டு, வெளிக்காற்று உள்ளே வரும்படி வைத்து, காற்றை முன்கண்ணாடிக்குத் திருப்புங்கள். வைப்பர் ஓடினால் மறைந்து, நின்றால் திரும்ப வருகிற மங்கல் வெளிப்புறத்தில் படிவது. ஏசி அளவுக்கு மீறிக் குளிர்வதே அதற்குக் காரணம். குளிரைக் குறைத்தால் போய்விடும்.

இப்போது புறப்படும் நேரத்துக்கு வருகிறேன். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், தாம்பரத்திலிருந்து திண்டிவனம் வரையிலான கடலோரத்தை ஒட்டிய பகுதியில் பல நாட்கள் மழை நள்ளிரவுக்கும் காலைக்கும் இடையில்தான் வலுக்கிறது. இரவு 9 மணிக்குக் கிளம்புகிறவர் கண் குறைவாகத் தெரியும் நேரத்தையும், உடல் தூக்கத்துக்கு ஏங்கும் நேரத்தையும், மழை வலுக்கக்கூடிய நேரத்தையும் ஒன்றாகச் சேர்த்துத் தேர்ந்தெடுக்கிறார். பாளையங்கோட்டைக்கு ஏறக்குறைய 600 கி.மீ. எழுபது வயதைத் தாண்டிய இருவரை அழைத்துக்கொண்டு, மாற்று ஓட்டுநர் இல்லாமல், அதை ஒரே மூச்சில் ஓட்ட வேண்டும் என்று யாரும் விதிக்கவில்லை. பண்டிகைக்கு இரண்டு நாள் முன்பாக, விடிந்து வெளிச்சம் வந்தபின் கிளம்பி, திருச்சியில் இரவு தங்கி, மறுநாள் காலை புறப்பட்டு மதியம் ஊர் போய்ச் சேருங்கள். கூட்ட நெரிசலில் ஊர்ந்து போவது எரிச்சல் தரும். ஆனால் 20 கி.மீ. வேகத்தில் பெரிய விபத்து நேர்வது அரிது.

கிளம்பும் முன் வானிலை ஆய்வு மையத்தின் மாவட்ட எச்சரிக்கையைப் பார்க்க வேண்டும். உங்கள் மாவட்டத்தை மட்டுமல்ல, வழியில் உள்ள செங்கல்பட்டு, விழுப்புரம், கள்ளக்குறிச்சி, பெரம்பலூர், திருச்சி, மதுரை, விருதுநகர், தூத்துக்குடி, திருநெல்வேலி ஆகியவற்றையும் சேர்த்து. 24 மணி நேரத்தில் 6.5 செ.மீ. முதல் 11.5 செ.மீ. வரை கனமழை, அதற்கு மேல் 20.4 செ.மீ. வரை மிகக் கனமழை, அதையும் தாண்டினால் அதிகனமழை என்பது அவர்களின் வகைப்பாடு. வழியில் எங்கேனும் சிவப்பு எச்சரிக்கை இருந்தால் பயணம் வேண்டாம். ஆரஞ்சு என்றால் ஒரு நாள் தள்ளிப்போட முடியுமா என்று வீட்டில் பேசுங்கள். சென்னை, காரைக்கால் ராடார் படங்கள் இணையத்தில் அனைவருக்கும் கிடைக்கின்றன. அடுத்த ஒன்றிரண்டு மணி நேரத்தில் எந்தப் பகுதியில் மழை மேகம் வரும் என்று பின் இருக்கையில் இருப்பவர் பார்த்துச் சொல்லலாம். இதை மிகை என்று எண்ண வேண்டாம். 2023 டிசம்பர் 18 காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் சுமார் 95 செ.மீ. மழை பெய்தது. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபின் மயிலத்தில் ஒரே நாளில் 50 செ.மீ. அளவுக்குக் கொட்டியது, அடுத்து வந்த வெள்ளத்தில் நீங்கள் செல்லும் அதே சென்னை-திருச்சி நெடுஞ்சாலையில், விழுப்புரம் மாவட்டம் அரசூர் அருகே போக்குவரத்து முடங்கியது. அங்கே சிக்கிக்கொண்டவர்களுக்கு ஓட்டத் தெரிந்ததால் ஆன பயன் எதுவும் இல்லை.

வழியில் மழை பிடித்தால் எங்கே நிற்பது? வைப்பரை முழு வேகத்தில் ஓடவிட்டும் முன்வண்டியின் சிவப்பு விளக்கு தெளிவாகத் தெரியவில்லை என்றால், ஓட்டும் நேரம் முடிந்தது. பெட்ரோல் பங்க், சாலையோர உணவகத்தின் வளாகம், சுங்கச்சாவடியைக் கடந்ததும் உள்ள வண்டி நிறுத்தும் இடம், லாரிகளுக்கென ஒதுக்கிய நிறுத்துமிடம் ஆகியவை ஏற்றவை. சர்வீஸ் ரோடு அதற்கு அடுத்த நிலை. பரனூர், ஆத்தூர், விக்கிரவாண்டி, செங்குறிச்சி, திருமாந்துறை, சமயபுரம் என்று சுங்கச்சாவடிகள் வரிசையாக வரும் சாலை அது. ஒன்றைக் கடக்கும்போதே அடுத்தது எவ்வளவு தொலைவு என்று மனத்தில் வைத்துக்கொண்டால், கண் முழுவதும் மறையும் முன்பே முடிவெடுக்க முடியும். மேம்பாலத்துக்கு அடியிலும், ஓரத்து வெள்ளைக் கோட்டுக்கு வெளியே உள்ள இடத்திலும், பழைய புளியமரங்களுக்குக் கீழும் மழைக்கு ஒதுங்காதீர்கள். இடி மின்னலின்போது, கண்ணாடிகளை ஏற்றிவிட்டு இரும்புக் கூரையுள்ள காருக்குள் இருப்பதே வெளியே நிற்பதைவிடப் பாதுகாப்பு.

இனி உளுந்தூர்பேட்டை. உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் கலங்க வைத்த பகுதி இதுதான். வலது பின் சக்கரம் என்பது போக்குவரத்தின் பக்கம் இருப்பது. இருட்டில், மழையில், நெடுஞ்சாலை ஓரத்தில் அதைக் கழற்றி மாட்டுவதைத் தயவுசெய்து இனி ஒருபோதும் செய்யாதீர்கள். டயர் இறங்கியது தெரிந்ததும் பிரேக்கை அழுத்தாமல், ஸ்டீயரிங்கை இறுகப் பிடித்து, ஆக்சிலரேட்டரை மெல்ல விட்டு, இடது இண்டிகேட்டருடன் இடப்பக்கம் வாருங்கள். அதன்பின் அங்கேயே நிற்காமல், இப்போது மட்டும் அபாய விளக்கைப் போட்டுக்கொண்டு, சாலையின் இடது ஓரமாகவே நடக்கும் வேகத்தில் அடுத்த பங்க் வரையோ சர்வீஸ் ரோடு பிரியும் இடம் வரையோ ஊர்ந்து செல்லுங்கள். டயர் கிழியும், டிஸ்க்கும் நெளியலாம். சில ஆயிரம் ரூபாய் போனால் போகட்டும்.

வண்டி அறவே நகர மறுத்தால் முறை வேறு. முடிந்தவரை இடப்பக்கம் ஒதுக்கி, அபாய விளக்கைப் போட்டு, முன்சக்கரங்களை இடப்பக்கம் ஒடித்து, ஹேண்ட் பிரேக்கைப் போடுங்கள். எல்லோரும் இடப்பக்கக் கதவு வழியாகவே இறங்க வேண்டும். ஓட்டுநரும் இருக்கை மாறி அந்தப் பக்கமே இறங்குவது நல்லது. இறங்கியவர்கள் இரும்புத் தடுப்புக்கு அப்பால், சாலையை விட்டு விலகி, காருக்குப் பின்னால் சில மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். காருக்கு முன்னால் நின்றால், பின்னாலிருந்து மோதப்படும் கார் நிற்பவர்கள் மீதே வந்து விழும். நேர் பின்னால் நின்றால், நீங்கள் நின்றதைப் போல, மோதும் வண்டிக்கும் காருக்கும் நடுவில் சிக்க நேரிடும். இறங்கி நிற்க இடமே இல்லாத பாலத்தின் மேல் மட்டும், பெல்ட்டைக் கழற்றாமல் உள்ளேயே இருப்பதைத் தவிர வேறு வழியில்லை.

காருடன் வந்த சிவப்பு முக்கோணப் பலகையை எடுத்தீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. பெரும்பாலானோர் அதன் உறையைக்கூடப் பிரித்திருக்க மாட்டார்கள். 80 கி.மீ. வேகத்தில் வரும் லாரி ஒரு விநாடிக்கு 22 மீட்டர் கடக்கிறது. 30 மீட்டர் பின்னால் வைத்த பலகை அதன் ஓட்டுநருக்கு ஒன்றரை விநாடி அவகாசம்கூடத் தராது. ஆகவே குறைந்தது 100 மீட்டர் பின்னால், வளைவு என்றால் வளைவு தொடங்கும் முன்பே, தடுப்புக்கு வெளிப்புறமாகவே நடந்து போய் வையுங்கள். காற்றுக்குச் சாயாதபடி அடியில் கனமாக எதையேனும் வையுங்கள். கற்களையும் மரக்கிளைகளையும் சாலையில் அடுக்கி எச்சரிப்பதும், வண்டி சரியானதும் அவற்றை அப்படியே விட்டுவிட்டுப் போவதும் நம்மிடையே உள்ள கொடிய பழக்கம். அடுத்து அந்த இருட்டில் வரும் இருசக்கர வாகனத்துக்கு அந்தக் கல்லே எமன்.

பிறகு 1033 என்ற தேசிய நெடுஞ்சாலை உதவி எண்ணை அழையுங்கள். சாலையோரக் கல்லில் உள்ள கிலோமீட்டர் எண்ணையும், எந்த ஊரிலிருந்து எந்த ஊரை நோக்கிச் செல்லும் பக்கம் என்பதையும் சொன்னால் ரோந்து வண்டி உங்களைத் தேடி அலையாது. 'ஹைவேயில் நிற்கிறோம்' என்று மட்டும் சொன்னால் அவர்களால் கண்டுபிடிக்க முடியாது. காவல், தீயணைப்பு, மருத்துவம் எதற்கும் 112. ஆம்புலன்ஸுக்கு நேரடியாக 108. கிலோமீட்டர் கற்களைக் கவனித்து வைத்திருக்கும் பொறுப்பை முன் இருக்கையில் இருக்கும் தந்தையாரிடம் கொடுங்கள். அவர் மகிழ்ச்சியுடன் செய்வார். காருக்குள் டார்ச் ஒன்று, ஒளிரும் பட்டை வைத்த மேலங்கி ஒன்று, குடிநீர், பெற்றோரின் மருந்துகள் ஆகியவை, டிக்கியின் அடியில் அன்று, கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்.

சுரங்கப்பாதையைப் பற்றி எழுதும்போது பேருந்து போனதைச் சான்றாகக் காட்டியிருக்கிறீர்கள். பேருந்தின் தரைத்தளமும் காற்றை உள்ளிழுக்கும் குழாயும் உங்கள் காரினுடையதைவிட வெகு உயரத்தில் இருக்கின்றன; அது போவதால் நீங்கள் போகலாம் என்று ஆகாது, அது கிளப்பும் அலை உங்கள் காரைத்தான் தாக்கும். 15 செ.மீ. தண்ணீரே பல கார்களின் அடித்தளத்தைத் தொட்டுவிடும்; 30 செ.மீ. சிறிய கார்களை மிதக்கவைக்கும்; 60 செ.மீ. ஓடும் வெள்ளம் பெரும்பாலான பெரிய வண்டிகளையும் இழுத்துச் செல்லும். அடியில் தார் இருக்கிறதா, அரித்துப்போன பள்ளம் இருக்கிறதா, திறந்த சாக்கடை மூடி இருக்கிறதா என்று மேலிருந்து தெரியாது. 2021 செப்டம்பரில் புதுக்கோட்டை மாவட்டத்தில் ரயில்வே சுரங்கப்பாதையில் தேங்கிய மழைநீரில் கார் மூழ்கி ஒருவர் உயிரிழந்தார். சுவரில் உள்ள அளவுகோலைப் பாருங்கள். அது இல்லாவிட்டால் திரும்பிவிடுங்கள். சுற்றுவழி எவ்வளவு நீளமானாலும் அதுவே வழி.

தண்ணீரில் வண்டி நின்றுவிட்டால் மீண்டும் ஸ்டார்ட் செய்யவே செய்யாதீர்கள். சிலிண்டருக்குள் புகுந்த தண்ணீரை பிஸ்டனால் அழுத்த முடியாமல் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். சாதாரணக் காப்பீட்டில் இந்த இழப்பைப் பெரும்பாலும் ஏற்க மாட்டார்கள், இன்ஜின் பாதுகாப்புக்கான கூடுதல் காப்பீடு தனியாக எடுத்திருக்க வேண்டும். தண்ணீர் ஏறிக்கொண்டே இருந்தால் காரை மறந்துவிடுங்கள். பெல்ட்டைக் கழற்றி, கண்ணாடியை உடனே இறக்கி, முதியவர்களை முதலில் வெளியேற்றி, ஜன்னல் வழியாகவே வெளியேறுங்கள். தொலைபேசியில் அழைப்பது அதற்குப் பிறகு. மின் ஜன்னல் தொடக்கத்தில் சிறிது நேரம் வேலை செய்யும். பின்னர் அதை நம்ப முடியாது, வெளியிலிருந்து அழுத்தும் தண்ணீருக்கு எதிராகக் கதவையும் திறக்க முடியாது. கண்ணாடி உடைக்க வேண்டியிருந்தால் பக்கக் கண்ணாடியின் மூலையில், அதற்கென விற்கும் சிறு சுத்தியலால் அடியுங்கள். முன்கண்ணாடி இரு அடுக்குகளுக்கிடையே படலம் ஒட்டியது என்பதால் விரிசல் விடுமே தவிர விலகாது. நீரைக் கடந்து வெளியே வந்த கார் என்றால், மெதுவாக ஓட்டியபடி பிரேக்கைப் பலமுறை இலேசாக மிதித்து உலரவிட்ட பிறகே வேகமெடுக்க வேண்டும்.

காற்றுடன் கூடிய மழையில் அறுந்த மின்கம்பி சாலையில் கிடந்தால் அருகே செல்லாமல், மின்வாரியத்தின் மின்னகம் எண்ணான 94987 94987-க்குத் தெரிவியுங்கள். கம்பி காரின் மீதே விழுந்தால், மின்சாரம் துண்டிக்கப்படும் வரை உள்ளே இருப்பதுதான் பாதுகாப்பு. கார் தீப்பற்றினால் மட்டும், காரையும் தரையையும் ஒரே நேரத்தில் தொடாதபடி இரு கால்களையும் சேர்த்துக் குதித்து, கால்களை அகட்டாமல் சிறு சிறு தத்தலாக விலகிச் செல்ல வேண்டும்.

கடைசியாக, அடிபட்டுக் கிடந்த அந்த மனிதர். உங்கள் தந்தையார் சொன்ன அலைச்சல் ஒரு காலத்தில் உண்மையாகவே இருந்தது. அந்த அச்சத்துக்காக அவரைக் குறை சொல்ல மாட்டேன். இன்று சட்டம் மாறியிருக்கிறது. உதவ முன்வருபவர்களுக்கான வழிகாட்டு நெறிகளை உச்ச நீதிமன்றம் 2016-இல் ஏற்று நடைமுறைப்படுத்தியது. 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு, நல்லெண்ணத்துடன் உதவியவர் மீது உரிமையியல் வழக்கோ குற்றவியல் வழக்கோ தொடுக்க முடியாது என்கிறது. தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தின்கீழ், பட்டியலில் உள்ள அரசு, தனியார் மருத்துவமனைகளில் விபத்துக்குள்ளானவருக்கு முதல் 48 மணி நேரத்துக்கான அவசர சிகிச்சை கட்டணமின்றித் தரப்படுகிறது. பணம் கட்டச் சொல்லி உங்களைக் கேட்பார்களோ என்ற தயக்கமும் வேண்டாம்.

ஆனால் இறங்கும் முன், உங்கள் காரை நான் மேலே சொன்ன முறைப்படி விபத்து நடந்த இடத்தைத் தாண்டிப் பாதுகாப்பாக நிறுத்தி, பெற்றோரைத் தடுப்புக்கு அப்பால் நிற்க வைத்துவிட்டு, 108-ஐ அழையுங்கள். காப்பாற்றப் போனவரும் மோதப்படுவது நெடுஞ்சாலையில் அடிக்கடி நடக்கிறது. தீயோ, மீண்டும் வண்டி மோதும் ஆபத்தோ இல்லாத வரை அடிபட்டவரைத் தூக்கவோ இழுக்கவோ வேண்டாம், கழுத்தெலும்பு முறிந்திருக்கலாம். மூச்சுவிடச் சிரமப்படாத வரை ஹெல்மெட்டையும் கழற்ற வேண்டாம், தண்ணீர் கொடுக்க வேண்டாம். இரத்தம் வழியும் இடத்தில் சுத்தமான துணியை மடித்து வைத்து விடாமல் அழுத்திப் பிடியுங்கள். மழையில் நனைந்த உடல் விரைவில் குளிர்ந்துபோகும், அதனால் இரத்தக் கசிவும் மோசமாகும் என்பதால், போர்வையோ புடவையோ எது இருந்தாலும் அவர் மீது போர்த்துங்கள். இறங்கவே முடியாத சூழலாக இருந்தால், கிலோமீட்டர் எண்ணைச் சொல்லி அழைப்பதுகூட உயிர்காக்கும் உதவிதான். காவல்துறையிடமும் மருத்துவமனையிலும் உங்கள் பெயரையும் முகவரியையும் சொல்வதும், பின்னர் சாட்சியாக இருக்க ஒப்புக்கொள்வதும் உங்கள் விருப்பம்; அதைச் சொல்லுமாறு யாரும் உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது.